ஸ்வாங்க் டாக்டரும் எம்.எஸ். நோயாளியின் சாப்பாடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் ஒருவருக்கு எம்.எஸ். என்ற நரம்பு நோய் இருப்பது தெரிந்த பிறகு, அதே நோயோடு இருக்கும் பல குடும்பங்களோடு பழக்கமானது. பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் சாப்பாட்டில்தான் வந்து நிற்கும். "ஸ்வாங்க் டயட்னு ஒண்ணு இருக்காமே, அதுல சரியாயிடுமாமே" என்று யாராவது கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைத்தால் நல்லது என்று தோன்றியது.

நான் மருத்துவர் இல்லை. ஆனால் ராய் ஸ்வாங்க் செய்த வேலையையும், அவருக்குப் பிறகு வந்தவர்கள் செய்ததையும் அக்கறையோடு படித்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன்.

எம்.எஸ்.னா என்ன? பக்கவாதம் மாதிரியா?

இல்லை. பக்கவாதம் மூளைக்குப் போகும் ரத்தம் தடைபடுவதால் அல்லது ரத்தக் கசிவால் வருவது. எம்.எஸ். எனப்படும் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸில் உடம்பின் நோய் எதிர்ப்பு சக்தியே மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளின் மேலுறையைத் தாக்குகிறது. அந்த உறைக்கு மையலின் என்று பெயர். உறை கெட்டால் நரம்பு வழியாகச் செய்தி போவது தாமதமாகும் அல்லது நின்றுவிடும். கண் மங்குவது, கால் மரத்துப்போவது, நடை தடுமாறுவது, சொல்ல முடியாத அசதி என்று ஆளுக்கு ஆள் வேறு மாதிரி வெளிப்படும்.

பெரும்பாலானவர்களுக்கு ஆரம்பத்தில் வந்து வந்து போகும். சில வாரம் மோசமாகும், அப்புறம் தானாகவே ஓரளவு சரியாகும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் பல பதில்களுக்கு இதுதான் அடிப்படை. தானாகவே ஏறி இறங்கும் நோயில், நாம் கடைசியாகச் செய்த எதுவும் மருந்து மாதிரியே தெரியும்.

ஸ்வாங்க்ங்கிறது ஆள் பேரா, டயட் பேரா?

ஆள் பெயர். அவர் பெயர்தான் உணவு முறைக்கும் நின்றுவிட்டது. ராய் ஸ்வாங்க் 1909இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கேமஸ் என்ற ஊரில் பிறந்தவர். நரம்பியல் மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் ராணுவ மருத்துவராக இருந்தபோது, நாள் கணக்கில் ஓயாமல் சண்டையில் நிற்கும் சிப்பாய்களின் மனமும் உடலும் எப்படி உடைந்துபோகின்றன என்பதை இன்னொரு மருத்துவரோடு சேர்ந்து ஆராய்ந்து 1946இல் வெளியிட்டார். ராணுவ மனநல ஆய்வுகளில் இன்றும் அதை மேற்கோள் காட்டுகிறார்கள்.

1948இல் கனடாவின் மான்ட்ரியல் நரம்பியல் நிறுவனத்துக்குப் போனார். 1954இல் அங்கிருந்து ஒரிகான் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் துறைக்குத் தலைவராக வந்தார். 2008இல், 99ஆம் வயதில் காலமானார்.

நரம்பு டாக்டர் எதுக்கு சாப்பாட்டுப் பக்கம் போனார்?

மான்ட்ரியல் நிறுவனத்தின் தலைவர் வைல்டர் பென்ஃபீல்ட். மூளை அறுவை சிகிச்சையில் மிகப் பெரிய பெயர். எம்.எஸ். நோயை ஆராயும்படி ஸ்வாங்க்கைக் கேட்டுக்கொண்டவர் அவர்தான். அப்போது இந்த நோய்க்கு நோயின் போக்கையே மாற்றும் மருந்து ஒன்றுகூடக் கிடையாது. அப்படி ஒன்று அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1993இல்தான், இன்டர்ஃபெரான் பீட்டா ஊசி. எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் இல்லை. நோயாளியிடம் சொல்வதற்கு எதுவுமே இல்லாத காலம் அது.

ஸ்வாங்க் உலக வரைபடத்தைப் பார்த்தார். குளிர்நாடுகளில் எம்.எஸ். அதிகம், வெயில் நாடுகளில் குறைவு. வெண்ணெயும் மாட்டிறைச்சியும் நிறையச் சாப்பிடும் இடங்களில்தான் நோயும் அதிகமாக இருக்கிறது என்று அவருக்குப் பட்டது. போர்க்காலத்தில் ஐரோப்பாவில் கொழுப்புணவு கிடைக்காமல் போனதையும் கவனித்தார். உணவுக் கொழுப்புக்கும் எம்.எஸ்.ஸுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி 1950இல் எழுதினார்.

நார்வேயில என்னமோ கண்டுபிடிச்சாராமே?

ஆமாம், நார்வே ஆய்வாளர்களோடு சேர்ந்து செய்த வேலை அது. 1952இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. ஒரே நாடு, ஒரே மக்கள். ஆனால் உள்நாட்டில் மாடு வளர்த்துப் பால், வெண்ணெய், இறைச்சி சாப்பிடும் விவசாயிகளிடம் எம்.எஸ். அதிகமாகவும், கடலோரத்தில் மீன் பிடித்து மீன் சாப்பிடுபவர்களிடம் குறைவாகவும் இருந்தது. இனம், தட்பவெப்பம் என்ற சாக்குகளை ஓரளவு ஒதுக்கிவிட்டு உணவை மட்டும் பார்க்க முடிந்ததால் அந்த ஆய்வு கவனம் பெற்றது.

சரி, அப்படியென்றால் வெண்ணெய்தான் காரணமா? அங்கேதான் சிக்கல். மீன் சாப்பிடுபவருக்கு வெண்ணெய் குறைகிறது, அதே சமயம் வைட்டமின் டி கூடுகிறது. நார்வேயின் வடகோடியில் செய்யப்பட்டு 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வு, சிறு வயதில் வெளியில் வெயில்படத் திரிந்தவர்களுக்கு எம்.எஸ். அபாயம் குறைவு என்றது. மீனுக்கும் அதில் பங்கு இருந்தது. அப்புறம் 2022இல், ஒரு கோடிக்கும் அதிகமான அமெரிக்கப் படைவீரர்களின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வில், எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸ் தொற்றிய பிறகு எம்.எஸ். வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடுவது தெரிந்தது. ஸ்வாங்க் பார்த்த வித்தியாசம் உண்மை. அதற்கு அவர் சொன்ன காரணம் மட்டும் இன்றுவரை உறுதியாகவில்லை.

அந்த டயட்ல என்னதான் சாப்பிடணும்?

நிறைவுற்ற கொழுப்பு ஒரு நாளைக்கு 15 கிராமுக்கு மேல் கூடாது. அதாவது வெண்ணெய், நெய், கொழுப்புள்ள இறைச்சி, முழுக்கொழுப்புப் பால், தேங்காய் எண்ணெய், பாமாயில் ஆகியவற்றில் இருப்பது. மற்ற தாவர எண்ணெய்களும் மீன் எண்ணெயும் 20 முதல் 50 கிராம் வரை. முதல் ஒரு வருடம் மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி, பன்றி எதுவும் தொடக்கூடாது. தோல் நீக்கிய கோழியின் வெள்ளைச் சதையும் வெள்ளை மீனும் பரவாயில்லை. பால் பொருள் என்றால் கொழுப்பு 1 சதவீதத்துக்குள். காய், பழம், தானியம் தாராளம். காட் மீன் ஈரல் எண்ணெயும் ஒரு வைட்டமின் மாத்திரையும் தினமும் உண்டு.

34 வருஷம் ஆராய்ச்சி பண்ணாராமே, ரிசல்ட் என்ன?

1949 வாக்கில் மான்ட்ரியலில் ஏறக்குறைய 150 நோயாளிகளோடு ஆரம்பித்தார். ஒரிகானுக்கு மாறிய பிறகும் அவர்களை விடவில்லை. 1990இல் லான்செட் இதழில், 144 பேரை 34 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததன் முடிவை வெளியிட்டார். நாளைக்கு 20 கிராமுக்குள் நிறைவுற்ற கொழுப்பை நிறுத்திக்கொண்டவர்களுக்கு நோய் மோசமானது குறைவு, இறப்பும் மிகக் குறைவு. அதற்கு மேல் சாப்பிட்டவர்கள் நிலை பெரிதும் மோசம். நோய் லேசாக இருக்கும்போதே ஆரம்பித்து டயட்டைக் காப்பாற்றியவர்களில், எம்.எஸ். அல்லாத காரணத்தால் இறந்தவர்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால், 95 சதவீதம் பேர் உயிரோடும் நடமாட்டத்தோடும் இருந்தார்கள் என்பது அவர் சொன்ன கணக்கு.

தொண்ணூறு வயதைத் தாண்டிய பிறகும் விடவில்லை. 2003இல், ஆரம்பித்து ஏறக்குறைய 50 ஆண்டு கழித்து, மிச்சமிருந்த 15 பேரைப் பற்றி எழுதினார். எல்லோரும் எழுபது வயதைக் கடந்தவர்கள். ஒரு மருத்துவர் தன் நோயாளிகளை அரை நூற்றாண்டு காலம் பின்தொடர்ந்தார் என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

95 பர்சன்ட்னா அதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்? டாக்டருங்க ஏன் ஏத்துக்கல?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இது. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஸ்வாங்க் எல்லா நோயாளிக்கும் ஒரே டயட்டைத்தான் கொடுத்தார். டயட் இல்லாத ஒப்பீட்டுக் குழு என்று ஒன்று கிடையாது. கடைப்பிடித்தவர்களையும் கடைப்பிடிக்காதவர்களையும்தான் ஒப்பிட்டார். யார் எந்தப் பக்கம் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யவில்லை, நோயாளிகளே முடிவு செய்துகொண்டார்கள். உடம்பு ஓரளவு நன்றாக இருப்பவர் தானே சமைப்பார், கிராம் கணக்குப் பார்ப்பார். படுக்கையில் விழுந்தவர் கொடுத்ததைச் சாப்பிடுவார். அப்படியானால் டயட்டால் உடம்பு நன்றாக இருந்ததா, உடம்பு நன்றாக இருந்ததால் டயட்டைக் கடைப்பிடிக்க முடிந்ததா? அந்தத் தரவிலிருந்து இதற்குப் பதில் எடுக்க முடியாது.

இது வெறும் வாதம் இல்லை. 1980இல் இதய நோய் மருந்து ஒன்றின் சோதனையில் இதை அப்படியே பார்த்தார்கள். ஒரு குழுவுக்கு மருந்து, இன்னொரு குழுவுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. வெற்று மாத்திரையை ஒழுங்காக விழுங்கியவர்களில் ஐந்து ஆண்டில் இறந்தவர்கள் சுமார் 15 சதவீதம். அதே வெற்று மாத்திரையை ஒழுங்காக விழுங்காதவர்களில் சுமார் 28 சதவீதம். மாத்திரையில் ஒன்றும் இல்லை. சொன்னதை ஒழுங்காகச் செய்கிறவர்களிடம் வேறு ஏதோ இருக்கிறது.

இன்னும் இரண்டு விஷயம். நோயாளியின் நிலையை மதிப்பிட்டவர்களுக்கு யார் டயட்டில் இருக்கிறார் என்பது தெரியும். இறந்தவர்களில் ஒரு பகுதியைக் கணக்கிலிருந்து எடுத்த பிறகு வந்ததுதான் அந்த 95. அதைப் படிக்கிறவர்கள் பாதி வாக்கியத்தை விட்டுவிட்டுத்தான் பகிர்கிறார்கள்.

அப்போ அவர் ஏமாத்திட்டாரா?

இல்லவே இல்லை. இந்தக் கேள்வி கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். தன்னிடம் இருந்த தரவை வெளிப்படையாக வெளியிட்டார். அதனால்தான் அதில் உள்ள ஓட்டையை மற்றவர்களால் காட்ட முடிந்தது. 1949இல் சீட்டுக் குலுக்கும் முறையிலான சோதனை மருத்துவத்துக்கே புதிது. எந்த மருந்தும் இல்லாத நோயாளிக்கு, தான் நம்பிய ஒரே வழியைப் பாதிப் பேருக்கு மறுப்பதும் லேசான காரியம் இல்லை. அவர் கேட்டது நல்ல கேள்வி. பதில் சொல்லப் போதுமான ஆய்வை அவரால் அமைக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

கொழுப்பு ரத்தத்தைக் கெட்டியாக்கும், அதனாலதான் எம்.எஸ். வருதுன்னு சொன்னாராமே?

கிட்டத்தட்ட அப்படித்தான் நினைத்தார். கொழுப்பு நிறைந்த சாப்பாட்டுக்குப் பிறகு சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதை அவர் கண்டார். அது நுண்ணிய ரத்தக் குழாய்களில் ஓட்டத்தைத் தடுத்து, மூளைக்கும் ரத்தத்துக்கும் இடையே உள்ள தடுப்பைக் கெடுக்கிறது என்பது அவருடைய கருத்து. எம்.எஸ்.ஸுக்கு இது காரணம் என்பதை இன்று யாரும் ஏற்பதில்லை. மேலே சொன்னபடி எதிர்ப்புச் சக்தியின் தாக்குதல்தான் மையம்.

ஆனால் இந்தச் சிந்தனை வேறொரு இடத்தில் பயன்பட்டது. ரத்தத்தில் மிதக்கும் நுண்கட்டிகளை அளக்கவும் பிடிக்கவும் அவர் உருவாக்கிய வடிகட்டி, இதய அறுவை சிகிச்சையின்போது இதய-நுரையீரல் இயந்திரத்தில் பயன்படுத்தப்பட்டது. ஸ்வாங்க் ஃபில்டர் என்றே அதற்குப் பெயர்.

அவருக்கப்புறம் யாராவது ஒழுங்கா டெஸ்ட் பண்ணாங்களா?

பண்ணினார்கள். அவர் வேலை பார்த்த ஒரிகானிலேயே நடந்த ஒரு சோதனையின் முடிவு 2016இல் வந்தது. 61 எம்.எஸ். நோயாளிகள், ஒரு வருடம், கொழுப்பு மிகக் குறைந்த தாவர உணவு ஒரு பக்கம், வழக்கமான சாப்பாடு மறுபக்கம். யார் எந்தப் பக்கம் என்பதைக் குலுக்கல் முடிவு செய்தது. எம்.ஆர்.ஐ.யில் வித்தியாசம் இல்லை. நோய் திரும்பத் தாக்குவதிலும் வித்தியாசம் இல்லை. ஆனால் டயட்டில் இருந்தவர்களுக்கு அசதி குறைந்தது, எடையும் குறைந்தது.

2021இல் அயோவா பல்கலைக்கழகத்தில் இன்னொன்று. 87 பேரைக் குலுக்கிப் போட்டு, பாதிப் பேருக்கு ஸ்வாங்க் டயட், மீதிப் பேருக்கு டெர்ரி வால்ஸ் என்ற மருத்துவரின் டயட். 24 வாரம். இரண்டிலும் அசதி குறைந்தது. எனக்கு இதில் பிடித்த விஷயம், இந்த இரண்டு டயட்டும் ஏறக்குறைய எதிரெதிர் என்பது. ஸ்வாங்க் தானியம் சாப்பிடச் சொல்கிறார், இறைச்சியைத் தடுக்கிறார். வால்ஸ் இறைச்சி சாப்பிடச் சொல்கிறார், தானியத்தையும் பருப்பையும் பாலையும் தடுக்கிறார். இரண்டிலும் பலன் வந்தது என்றால், பொதுவாக இருப்பதைத்தான் பார்க்க வேண்டும். காய்கறி கூடுகிறது, பாக்கெட் பலகாரம் போகிறது, உணவியல் நிபுணர் ஒருவர் கூடவே இருந்து கவனிக்கிறார். ஆனால் எந்த டயட்டும் இல்லாத மூன்றாவது குழு அதில் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது.

2023இல் நியூராலஜி இதழில் 12 சோதனைகளை, மொத்தம் 608 நோயாளிகளை, ஒன்றாக வைத்துப் பார்த்த அலசல் வந்தது. சில உணவு முறைகள் அசதியைக் குறைக்கலாம், வாழ்க்கைத் தரத்தை உயர்த்தலாம் என்றது. ஆதாரத்தின் உறுதி குறைவு என்பதையும் சேர்த்தே சொன்னது.

டெர்ரி வால்ஸ் வீல்சேர்ல இருந்து எழுந்து சைக்கிள் ஓட்டினாங்களே, அது பொய்யா?

பொய் இல்லை. அவர் அயோவா பல்கலைக்கழகத்தில் பொது மருத்துவப் பேராசிரியர். 2000இல் எம்.எஸ். என்று தெரிந்தது. 2003க்குள் சாய்வு வசதி கொண்ட சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டார். 2007 முடிவில் உணவை முழுக்க மாற்றினார். அதோடு தசைகளுக்கு மின்தூண்டல் சிகிச்சையும் தினசரி உடற்பயிற்சியும் செய்தார். அடுத்த ஆண்டே சைக்கிள் ஓட்டினார்.

இதில் எது எவ்வளவு வேலை செய்தது என்பதை ஒரே ஒருவரின் அனுபவத்திலிருந்து பிரிக்க முடியாது. வால்ஸ் இதைப் புரிந்துகொண்டதால்தான், தன் கதையோடு நிற்காமல் மேலே சொன்ன அயோவா சோதனை போன்றவற்றை நடத்தினார். அவருடைய வீடியோவைப் பகிர்கிறவர்கள் அந்தச் சோதனைகளின் முடிவையும் சேர்த்துப் பகிர வேண்டும் என்பது என் ஆசை.

சாப்பாட்டால நரம்பு வியாதி கட்டுப்படும்னு எதுலயாவது நிரூபிச்சிருக்காங்களா?

வலிப்பு நோயில் நிரூபித்திருக்கிறார்கள். 1921இல் மேயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் என்பவர் முன்வைத்த கீட்டோ உணவு அது. கொழுப்பு மிக அதிகம், மாவுச்சத்து மிகக் குறைவு. வேடிக்கை என்னவென்றால் ஸ்வாங்க் சொன்னதற்கு நேர்மாறு. மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள 145 குழந்தைகளைக் குலுக்கிப் பிரித்துச் செய்த சோதனை 2008இல் வந்தது. மூன்று மாதத்தில் டயட்டில் இருந்தவர்களில் 38 சதவீதம் பேருக்கு வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது. டயட் இல்லாதவர்களில் 6 சதவீதம் பேருக்குத்தான்.

ஸ்வாங்க்கிடம் 144 பேர், 34 வருடம். இங்கே 145 பேர், மூன்று மாதம். எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றுதான். பிரித்த விதம் சரியாக இருந்ததால் மூன்று மாதத்திலேயே பதில் கிடைத்தது. அதனால் "டயட் எல்லாம் சும்மா" என்று எரிந்து விழுகிறவர்களோடும் நான் ஒத்துப்போவதில்லை. வலிப்புக்கும்கூட இதை மருத்துவமனை மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும், வீட்டில் சொந்தமாக முயலக் கூடாது.

நம்ம ஊர் சமையலுக்கு இது ஒத்து வருமா?

பெரும்பாலும் வரும். சோறு, சாம்பார், ரசம், பொரியல், மீன் குழம்பு எதற்கும் தடை இல்லை. நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் நிறைவுற்ற கொழுப்பு குறைவு. இடிப்பது தேங்காயும் நெய்யும்தான். ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயிலேயே சுமார் 11 கிராம் நிறைவுற்ற கொழுப்பு இருக்கிறது. ஸ்வாங்க் சொன்ன 15இல் அதோடு முக்கால்வாசி தீர்ந்துவிடும்.

சைவக் குடும்பங்களுக்கு ஓர் எச்சரிக்கை. "பாலே வேண்டாம்" என்று ஒரேயடியாக நிறுத்தினால் வைட்டமின் பி12 வரும் வழி கிட்டத்தட்ட அடைபடும். பி12 குறைந்தால் தண்டுவடத்தின் மையலின் உறையே கெடும். கால் மரத்துப்போகும், நடை தடுமாறும். எம்.எஸ்.ஸுக்காக எடுத்த டயட் எம்.எஸ். மாதிரியே இன்னொரு கோளாறைக் கொண்டுவரலாம். கொழுப்பு நீக்கிய பாலும் மோரும் சாப்பிடலாமே, ஸ்வாங்க்கும் அதைத் தடுக்கவில்லை.

ஓய்வு எடுக்கணுமா, எக்சர்சைஸ் பண்ணணுமா?

அந்தக் காலத்து மருத்துவர்கள் எம்.எஸ். நோயாளியை ஓய்வாக இருக்கச் சொல்வார்கள். ஸ்வாங்க்கும் ஓய்வை வலியுறுத்தியவர். 1996இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் 15 வாரப் பயிற்சிச் சோதனை ஒன்று வந்த பிறகு எண்ணம் மாறியது. பயிற்சி செய்தவர்களுக்கு உடல் வலுவும் மனநிலையும் நன்றாக மாறின. இன்று பயிற்சியைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள்.

உடம்பு சூடானால் அறிகுறிகள் தற்காலிகமாகக் கூடும், அதனால் நரம்பு புதிதாகக் கெடுவதில்லை. நம் ஊர் வெயிலில் விடிகாலையிலோ மின்விசிறிக்குக் கீழேயோ செய்வது நல்லது. புகைபிடிப்பவர் அதை விட்டாக வேண்டும். புகை எம்.எஸ்.ஸை வரவும் வைக்கும், வேகமாக மோசமாக்கவும் செய்யும். சாப்பாட்டைவிட இதற்கு ஆதாரம் பலமாக இருக்கிறது. கிராம் கணக்கில் எண்ணெய் அளந்துவிட்டு வாசலில் நின்று சிகரெட் பிடிப்பவர்களை நினைத்தால் மனசு கேட்பதில்லை.

ஆறு மாசமா டயட்ல நல்லாருக்கேன். மருந்தை நிறுத்திடட்டுமா?

வேண்டாம். முதல் பதிலில் சொன்னேனே, இந்த நோய் தானாகவே அடங்கியும் இருக்கும். நன்றாக இருக்கும் அந்த ஆறு மாதத்திலும் எம்.ஆர்.ஐ.யில் புதுப் புள்ளிகள் வரலாம், உங்களுக்குத் தெரியாது. 2016 சோதனையை மறுபடி பாருங்கள். அசதி குறைந்தது, ஸ்கேன் மாறவில்லை. டயட் தரும் நிம்மதியும் மூளைக்குள் நடப்பதும் ஒன்றில்லை. தவிர, சில எம்.எஸ். மருந்துகளைத் திடீரென்று நிறுத்தினால் நோய் முன்பைவிட வேகமாகத் திரும்பும்.

ஸ்வாங்க் நோயாளிகளிடம் மருந்தை விட்டுவிட்டு டயட்டுக்கு வாருங்கள் என்று கேட்க அன்று மருந்தே இல்லை. இன்று இருபதுக்கு மேல் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துச் செய்ய எந்தத் தடையும் இல்லை.

டாக்டர்கிட்ட டயட்னு ஆரம்பிச்சாலே முகம் மாறுதே, எப்படிக் கேக்கறது?

"இந்த டயட் என்னைக் குணமாக்குமா" என்று கேட்காதீர்கள். "மருந்தைத் தொடர்ந்துகொண்டே நெய்யையும் தேங்காயையும் குறைக்கப் போகிறேன், எனக்கு பி12, வைட்டமின் டி அளவு பார்க்க வேண்டுமா, எடை எவ்வளவுக்குக் கீழே போகக் கூடாது" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு அவரால் நேர்மையாக ஆம் என்று சொல்ல முடியாது. இரண்டாவதற்குச் சீட்டு எழுதித் தர முடியும். ஒரு நோட்டில் மூன்று மாதம் சாப்பாட்டையும் அசதியையும் குறித்து எடுத்துப்போங்கள், கூடவே அந்த மாதங்களில் மருந்து தவறிய நாட்களையும்.